நாயக்காகவே இருக்கட்டும்

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

“அப்பா 1963-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவு. 1979-ல் நாயக் பதவியோடு ஊர் திரும்பி, பிறகு ஒரு பேங்கில் காவல் வேலை பார்த்தார். சென்ற ஆண்டு 81 வயதில் தவறிவிட்டார். முதலாம் ஆண்டு நினைவுக்குச் சிறு மலர் ஒன்று போட ஆசைப்படுகிறேன். ஆனால் பட்டாளத்தைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக், ஐந்து மெடல்கள், சில இன்லேண்டு லெட்டர்கள் இருக்கின்றன. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததை அப்பா நேரில் பார்த்தார் என்கிறார் சித்தப்பா. அட்டையில் நாயக்கைவிடப் பல படி மேலான ‘சுபேதார்’ என்று போட்டுவிடலாம், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்கிறார் அண்ணன். அம்மாவோ, ‘சண்டை முடிஞ்சு எல்லாரும் வந்தாங்க, உங்கப்பா மட்டும் வரலை’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. நான் 1972 பிப்ரவரியில் பிறந்தவள். அப்பா என்னை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏழு மாதமாம். தெரியாத வாழ்க்கையை எப்படி எழுதுவது?”

அன்புள்ள சகோதரிக்கு,

ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் ஒன்றில் 22 வருஷம் ஹவில்தார் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கிறேன். ஆளைப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்து ஒருவரை அறிவதுதான் என் தொழிலே. அதனால் உங்கள் கடிதத்தைவிட நீங்கள் சேர்த்து அனுப்பிய போட்டோக்களைத்தான் முதலில் பார்த்தேன். கோபிக்க வேண்டாம்.

டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் விவரம் எழுதிய பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரக்ஷா மெடல், பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், 25-வது சுதந்திர ஆண்டு மெடல், 9 ஆண்டு நீண்ட சேவை மெடல் என்று ஐந்து வரி இருக்கிறது. வீட்டில் எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தில் வரிசையாக மாட்டி வைத்திருப்பீர்கள். ஆனால் ஐந்தும் ஒரே எடை இல்லை. ரக்ஷா, 1965 போர்க்காலத்தில் ஏற்கெனவே படையில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. அந்தப் போரில் களத்தில் நின்றவர்களுக்குத் தனியாக சமர் சேவா ஸ்டார் உண்டு. உங்கள் அப்பாவுக்கு அது இல்லை. ஆக, 1965-ல் அவர் சண்டை நடந்த பகுதியில் இல்லை. 25-வது ஆண்டு மெடல் 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் கிடைத்தது. 9 ஆண்டு மெடலுக்குப் பெயரிலேயே விளக்கம் இருக்கிறது.

மிச்சம் இரண்டு. சங்க்ராம் மெடல் 1971 போருக்கானது, அதுவும் பரவலாகத் தரப்பட்டதுதான். பஸ்சிமி ஸ்டார் அப்படியில்லை. 1971-ல் மேற்குக் களத்தில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி, கிழக்குக் களத்தில் இருந்தவர்களுக்குப் பூர்வி. டாக்கா கிழக்கில் இருக்கிறது. 1971 டிசம்பர் 16 அன்று அங்கே பாகிஸ்தான் படைத் தளபதி ஜெனரல் நியாஸி கையெழுத்துப் போட்டு, ஏறக்குறைய 93,000 பேர் கைதிகளாகச் சரணடைந்தபோது உங்கள் அப்பா நாட்டின் மறுகோடியில் இருந்திருக்கிறார்.

மெடல் ஒன்றை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. 1972 ஜனவரியில் அவர் எழுதிய இன்லேண்டு லெட்டரைத் திருப்பிப் பாருங்கள். அனுப்புநர் இடத்தில் நம்பர், பெயர், ‘9 இன்ஜினியர் ரெஜிமென்ட், 56 ஏ.பி.ஓ.’ என்று எழுதியிருக்கிறார். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். ஊர்ப் பெயர் இருக்காது. எங்கே இருக்கிறோம் என்று வீட்டுக்கு எழுதக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஏற்பாடே. ஆனால் 56 ஏ.பி.ஓ. தபால் டெல்லி வழியாகப் பிரியும், 99 ஏ.பி.ஓ. தபால் கல்கத்தா வழியாக. கிழக்கே இருந்தவர் 99 என்று எழுதுவார். மெடலும் கடிதமும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

சித்தப்பா பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். 1971 என்றாலே டாக்கா என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. தன் அண்ணன் அந்தச் சண்டையில் இருந்தார், அந்தச் சண்டையில் டாக்கா விழுந்தது, ஆகவே தன் அண்ணன் டாக்காவில் இருந்தார் என்று ஐம்பது வருஷத்தில் அது தானாகக் கூடிக்கொண்டிருக்கும். நினைவு நாளில் அவர் அதைச் சொன்னால் சொல்லட்டும், சபையில் திருத்த வேண்டாம். மலரில் மட்டும் அச்சேற்றாதீர்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை அந்த நட்சத்திரத்தைக் கையில் எடுத்து ‘பஸ்சிமி’ என்றால் என்ன என்று தேடினால், தாத்தாவைப் பற்றி நீங்கள் எழுதிய மற்ற எல்லாவற்றையும் சேர்த்து சந்தேகப்படுவான்.

இனி, மேற்கில் என்ன நடந்தது. பாகிஸ்தானின் ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்து நம் டாங்கிகள் போக வேண்டியிருந்தது. அந்தக் கரை நெடுகக் கண்ணிவெடி புதைத்து வைத்திருந்தார்கள். டிசம்பர் 15 இரவு அந்தக் கண்ணிவெடி வயலுக்குள் வழி வெட்டியவர்கள் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்டின் சாப்பர்கள். பெரும்பாலும் நம் தென்னாட்டுப் பிள்ளைகள், பட்டாளம் முழுக்க ‘தம்பி’ என்று அழைக்கப்படுகிறவர்கள். வழி முழுவதும் சுத்தமாகும் முன்பே ‘17 பூனா ஹார்ஸ்’ ரெஜிமென்ட்டின் டாங்கிகள் உள்ளே இறங்கின. மறுநாள் அதே களத்தில்தான் 21 வயது அருண் கேத்ரபால் இறந்து பரம்வீர் சக்ரா பெற்றார். 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி கண்ணி வயலில் வழி திறக்கும் வேலையிலேயே உயிர்விட்டார். அவருக்கு மகாவீர் சக்ரா.

இதைப் படித்ததும் உங்கள் கை பரபரக்கும். அப்பாதான் அந்த வழியை வெட்டினார் என்று எழுதத் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். ரெஜிமென்ட் அங்கே இருந்தது என்பது வரலாறு. உங்கள் அப்பா அந்த இரவு அந்த வயலுக்குள் இருந்தார் என்பதற்கு நம் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ஒரு ரெஜிமென்ட்டில் பல கம்பெனி. முன்னால் போகிறவன் இருப்பான், பின்னால் பாலத்துச் சாமான் இறக்குகிறவன் இருப்பான், காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனும் இருப்பான். எல்லோருக்கும் அதே ஸ்டார்தான். டிஸ்சார்ஜ் புக்கில் அவருடைய டிரேடு ‘கார்பென்டர்’ என்று இருக்கிறது. சாப்பரில் தச்சன் என்றால் உளியோடு நிழலில் உட்கார்ந்திருப்பவன் என்று எண்ணிவிடாதீர்கள். டிரேடு எதுவானாலும் பாலமும் கண்ணியும் எல்லோருக்கும் பொது. அதனால் இருந்திருக்கலாம். ‘இருந்திருக்கலாம்’ என்றே எழுதுங்கள். அந்தச் சொல்லில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது.

கடிதத்தின் ஓரத்தில், வயலுக்குக் கூட்டிப்போகும்போது ‘நான் கால் வெச்ச எடத்துலயே கால் வெச்சு வா’ என்று அப்பா சொல்வார், ஏனென்று தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். கண்ணி வயலில் அப்படித்தான் நடப்பார்கள். அதே சமயம், பாம்பு இருக்கும் வரப்பில் பிள்ளையைக் கூட்டிப்போகும் எந்தத் தகப்பனும் அப்படித்தான் சொல்வான். எனவே அதற்கு விளக்கம் எழுதாதீர்கள். எந்த வயல், உங்களுக்கு எத்தனை வயது, அவர் செருப்புப் போட்டிருந்தாரா, திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பாரா என்பதை எழுதுங்கள். மலரில் வேறு யாராலும் எழுத முடியாத பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணன் சொல்லும் ‘சுபேதார்’ விஷயத்துக்கு வருவோம். போஸ்டரில் பதவி உயர்வு கொடுப்பது நம் பக்கத்தில் சகஜம். நாயக்கை ஹவில்தார் ஆக்குவார்கள், ஹவில்தாரை கேப்டன் ஆக்குவார்கள். எனக்கே ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘மேஜர்’ கிடைத்தது. நாயக் என்றால் சட்டைக் கையில் இரண்டு பட்டை, பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனில் கமாண்டருக்கு அடுத்த ஆள். சாப்பராக, அதாவது சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர் லான்ஸ் நாயக் ஆகி, அப்புறம் நாயக் ஆக வேண்டும். காலியிடம் வர வேண்டும், கேடர் எனும் பதவி உயர்வுப் பயிற்சியில் பாஸாக வேண்டும், மேப் படிக்கத் தெரிய வேண்டும், ஹிந்தியில் கத்தத் தெரிய வேண்டும். ஊரில் எட்டாவது படித்துவிட்டுப் போன பையனுக்கு அது சும்மா வந்த பட்டை இல்லை.

அண்ணனை டிரங்குப் பெட்டியிடம் அழைத்துப் போங்கள். கறுப்புப் பெயின்ட்டின் மேல் வெள்ளையில் நம்பர், ரேங்க், பெயர் எழுதியிருக்கும். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து ரேங்க் இருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பதவி உயர்ந்தால் பெட்டிக்கு யாரும் புதுப் பெயின்ட் முழுக்க அடிப்பதில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் கறுப்பால் மறைத்து மேலே புதிதாக எழுதிக்கொள்வார்கள். நான் பார்த்த பெட்டிகள் பலவற்றில் பழைய ‘சாப்பர்’ என்ற எழுத்து கீழே மேடாகத் தடவினாலே தெரியும். உங்கள் பெட்டியிலும் இருந்தால் அதைப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி போட்டோ எடுத்து மலரின் முதல் பக்கத்தில் போடுங்கள். அட்டையில் சிங்க முத்திரை போடும் யோசனை அண்ணனுக்கு இருந்தால் அதையும் தடுத்துவிடுங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு முத்திரையை நாம் இஷ்டத்துக்கு அச்சிட முடியாது.

உயிரோடு இருக்கும் ஆவணங்கள் என்று ஒன்று உண்டு. மாவட்டத்தில் இருக்கும், முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கின் காத்திருப்பு பெஞ்சு. சுகர் மாத்திரைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு எண்பது வயதுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவின் சீருடைப் போட்டோவோடு ஒரு காலை நேரம் அங்கே போய் உட்காருங்கள். ‘இங்கே சாப்பர் யாராவது இருக்கீங்களா?’ என்று கேட்டால் போதும். 9 இன்ஜினியரில் இருந்த ஒருவர் நேரடியாகக் கிடைக்காவிட்டாலும், அவரைத் தெரிந்தவரைத் தெரிந்த ஒருவர் கிடைப்பார். பேச ஆரம்பித்ததும் வருஷம், இடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் சித்தப்பா மாதிரிதான் பதில் சொல்வார்கள். குளிருக்கு என்ன போர்த்தினீர்கள், லங்கரில் யார் சமையல், லீவு கிடைத்தால் எத்தனை ரயில் மாறி வருவீர்கள், ஹோல்டாலில் என்ன கொண்டுவருவீர்கள் என்று கேளுங்கள். ஒரு ஆளின் பெயர் அதில் தற்செயலாக வந்து விழும். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் சாப்பர் சென்டரில் அவர்களுக்கென்று மியூசியமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. 1780-ல் தொடங்கிய படைப்பிரிவு என்பதால் பழசைப் பாதுகாப்பதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு.

அப்பாவின் சர்வீஸ் விவரத்தை ரெக்கார்ட்ஸ் ஆபீஸிலிருந்தே கேட்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்கலாம். ஆனால் வருவதை எல்லாம் தாங்கிக்கொள்ளத் தயாராகக் கேளுங்கள். அதில் தண்டனையும் இருக்கும். அதைச் சிவப்பு மையில் எழுதுவோம், ‘ரெட் இங்க் என்ட்ரி’ என்போம். ஒருமுறை என்னிடம் ஒரு மகன் வந்தார். அவருடைய அப்பாவின் தாளில் ‘லீவு முடிந்து ஒன்பது நாள் தாமதம்’ என்று சிவப்பில் ஒரு வரி. இதை எப்படியாவது மறைத்துவிடலாமா சார் என்று கேட்டார். நான் அதே தாளில் இன்னும் மூன்று வரி கீழே காட்டினேன். அந்த ஒன்பது நாளுக்குள் ஒரு தேதியில், குழந்தை இறப்பு என்று பதிவாகியிருந்தது. தனக்கு முன் ஒரு அக்கா பிறந்து இறந்த விஷயம் அன்றுதான் அந்த மகனுக்குத் தெரியும். அவர் பிறகு எதையும் மறைக்கச் சொல்லவில்லை.

சரி, அம்மாவிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் சொன்ன அந்த ஒரு வரிதான்.

போர் டிசம்பர் 3-ல் தொடங்கி 17-ல் நின்றது. ஊரில் எல்லோருக்கும் அதோடு முடிந்தது. கிழக்கே போன பட்டாளங்கள் பல சில மாதங்களில் திரும்பிவிட்டன, உங்கள் தெருவுக்கு வந்தவர்கள் அவர்களாக இருக்கும். மேற்கில் கதை வேறு. பிடித்த இடத்தில் படை அப்படியே உட்கார்ந்திருந்தது. சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலை 2-ல்தான் கையெழுத்தானது. பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்துப் படைகள் விலகி முடியும்போது அந்த வருஷ டிசம்பர் ஆகிவிட்டது. சங்க்ராம் மெடலுக்குக் கணக்கு எடுத்துக்கொண்ட காலம் 1972 டிசம்பர் 20 வரை போவது அதனால்தான். சாப்பருக்கு இதில் இன்னொரு சுமை. துப்பாக்கி ஓய்ந்த பிறகு புதைத்த கண்ணிகளை எடுக்க வேண்டும், நாம் புதைத்ததையும் அவர்கள் புதைத்ததையும். விவசாயி மறுபடி ஏர் ஓட்ட வேண்டிய நிலம் அது. சண்டைக்கு வெட்டும் வழி ஒரு இரவு வேலை. நிலம் முழுவதையும் சுத்தம் செய்வது மாதக்கணக்கு. மழையில் மண் நகர்ந்து, வரைபடத்தில் குறித்த இடத்தில் கண்ணி இருக்காது. போர் நின்ற பிறகும் கால் போனவர்கள், உயிர் போனவர்கள் உண்டு. அதற்குக் கொடியும் இல்லை, பேப்பரில் செய்தியும் இல்லை.

நீங்கள் பிறந்தது பிப்ரவரியில். அவர் வந்தது ஏழு மாதம் கழித்து, செப்டம்பர் வாக்கில். இந்தத் தேதிகளை ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதி அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். ஆறுதல் சொல்கிற குரலில் வேண்டாம், கணக்கு ஒப்பிக்கிற மாதிரி வாசித்தால் போதும். அதன் பிறகு அவர் பேசினாலும் பேசுவார். பேசினால் அவருடைய பக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மணியார்டர் பாரத்தின் அடியில் இருக்கும் துண்டு இடத்தில் அப்பா என்ன எழுதுவார், கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள், பிரசவத்துக்கு யார் துணை இருந்தார்கள். பட்டாளத்துக்காரன் வாழ்க்கையில் பாதி ஊரில் நடக்கிறது, அதற்கு மெடல் பக்கம் கிடையாது. அதேபோல, பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வருஷங்களையும் விட்டுவிடாதீர்கள். பதினாறு வருஷம் சீருடையில் இருந்தவர் அதைவிட நீண்ட காலம் உங்கள் வீட்டில் இருந்திருக்கிறார்.

கடைசியாக, விண்ணப்பம். பெங்களூர் ரெக்கார்ட்ஸுக்கு அம்மா கையெழுத்தில் போகட்டும். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர் கேட்டால் மறுப்பது கஷ்டம். ஆர்மி நம்பரை மேலே பெரிதாக எழுதுங்கள், பெயரைவிட அதுதான் அங்கே ஆள். பி.பி.ஓ. எனும் ஓய்வூதிய ஆணையின் நகல், இறப்புச் சான்றிதழ் நகல் இணையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும். பழைய தாள்களை எந்த ஆபீஸும் காலாகாலத்துக்கும் வைத்திருப்பதில்லை, எனவே நினைவு நாள் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ‘முழு சர்வீஸ் விவரம்’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்தெந்த யூனிட், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, 1972-ல் எடுத்த லீவு, குழந்தைகள் பிறப்பைப் பதிவு செய்யும் யூனிட் உத்தரவான பார்ட் டூ ஆர்டர் என்று பிரித்துக் கேளுங்கள்.

அந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளை பிறந்த சேதி ஊரிலிருந்து கடிதமாகவோ தந்தியாகவோ யூனிட்டுக்குப் போகும். அவர் அதை எடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீஸுக்குப் போய்ச் சொன்னால்தான் ஆர்டர் போடுவார்கள். 1972-ல் எங்கோ ஒரு கூடாரத்தில் உங்கள் அப்பா ஒரு கிளார்க் முன்னால் நின்று, மகள் பிறந்திருக்கிறாள், இன்ன பெயர் என்று சொல்லியிருக்கிறார். அந்த கிளார்க்குக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. எங்கள் ஆட்கள் நம் பெயர்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. நகல் வந்ததும் ஆர்டரின் தேதியைப் பாருங்கள். உங்கள் பெயரை எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.